ஸ்டெஃப் கரியை 2006ல் பெரிய காலேஜ்கள் ஏன் விட்டன?

கேள்வி: 12 ஜூன் 2025

"என்பிஏவின் (அமெரிக்க பேஸ்கட்பால் லீக்) பெரிய ஷூட்டரான ஸ்டெஃபன் கரிக்கு ஏசிசி (பெரிய காலேஜ்கள் ஆடும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) காலேஜ் ஒன்றுகூட ஸ்காலர்ஷிப் தரவில்லை. அப்பா டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக்கே தரவில்லை. ஹைஸ்கூல் பையன்களைப் பார்த்து எடுக்கத்தானே சம்பளம் வாங்குகிறார்கள், இவர்களுக்குக் கண் இருக்கிறதா? ஸ்டார் ரேட்டிங், ரேங்கிங் எல்லாம் குப்பை என்பதற்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?"

12 ஜூன், இரவு 9.40

கண் இருந்தது. பார்த்ததையும் பெரும்பாலும் சரியாகத்தான் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்த கேள்விதான் வேறு.

2005 கோடையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு அசிஸ்டென்ட் கோச்சின் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். சார்லட் கிறிஸ்டியன் என்ற தனியார் பள்ளிப் பையன். உயரம் 6 அடி. எடை 160 பவுண்டு, அதாவது 72, 73 கிலோ. பால் மணம் மாறாத முகம். ஷாட் போடுகிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் அடுத்த வருட நவம்பரில் அவன் தடுக்க வேண்டியவர்கள் இருபது, இருபத்தொரு வயது ஆட்கள். ஸ்க்ரீன் போட்டு வழிமறிக்கும் ஆள்மேல் மோதினால் பையன் மூன்றாவது வரிசையில் போய் விழுவான். அந்த கோச்சிடம் கேட்கப்பட்டது "இவன் நல்ல ஆட்டக்காரனா?" என்றல்ல. "நம்மிடம் உள்ள 13 ஸ்காலர்ஷிப்பில் ஒன்றை, இந்த வருடம், இவனுக்குக் கொடுக்கலாமா?" என்பதுதான் கேள்வி. அப்போது ஒரு டீமுக்கு உச்சவரம்பு 13.

வர்ஜீனியா டெக் கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். கோச் செத் கிரீன்பெர்க் கதவைச் சாத்தவில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர், முதல் வருடம் ரெட்ஷர்ட் எடு என்றார். ரெட்ஷர்ட் என்றால் டீமோடு பயிற்சி உண்டு, மேட்ச் கிடையாது, நான்கு வருடம் ஆடும் உரிமை குறையாது. 2006-07ல் அவரிடம் ஜேபியன் டவுடெல், ஜேமன் கார்டன் என்று இரண்டு கார்டுகள் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்), இருவரும் கடைசி வருட மாணவர்கள். அந்த சீசனில் டியூக்கையும் நார்த் கரோலினாவையும் வென்று என்சிஏஏ போட்டிக்கு, அதாவது காலேஜ்களின் தேசியப் போட்டிக்கு, போன டீம் அது. இருவரும் 2007ல் போய்விடுவார்கள், அதற்குள் பையன் சதை போடட்டும் என்பது கணக்கு. கணக்குப்பிள்ளை பார்வையில் இதில் தப்பே இல்லை. முடிவு நமக்குத் தெரியும் என்பதால்தான் அதை அவமானமாகப் படிக்கிறோம்.

13 ஜூன்

"அப்பா 6 அடி 4 அங்குலம், பையன் வளருவான் என்று ஊகிக்க முடியாதா?" என்று ஒருவர்.

அப்பாவை மட்டும் அளப்பது நம் ரசிகர்களின் பரம்பரை வியாதி. வீட்டில் அம்மா என்று ஒருவரும் இருக்கிறார். குழந்தை மருத்துவர்கள் போடும் கணக்கு இது: ஆண்பிள்ளைக்கு அப்பா உயரம், அம்மா உயரம், கூட 13 சென்டிமீட்டர், மொத்தத்தை இரண்டால் வகுக்க வேண்டும். டெல் கரி 193 செ.மீ. சோனியா கரி 5 அடி 3 அங்குலம், அதாவது 160 செ.மீ, அவரும் வர்ஜீனியா டெக்கில் வாலிபால் ஆடியவர். 193, 160, 13. கூட்டினால் 366, பாதி 183. அதுதான் 6 அடி. பையன் ஏற்கெனவே அங்கே நிற்கிறான்! கணக்குப்படி வளர்ச்சி முடிந்துவிட்டது.

இந்தக் கணக்கில் 8, 9 செ.மீ அப்படி இப்படிப் போகும். போனது. 2009 என்பிஏ டிராஃப்டுக்கு (டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சி) முன் அளந்தபோது செருப்பில்லாமல் 6 அடி 2 அங்குலம், எடை 181 பவுண்டு. கை விரிப்பு 6 அடி மூன்றரை அங்குலம், அந்த உயரத்துக்கு இது சாதாரணம். மூன்று வருடத்தில் 2 அங்குலம், 21 பவுண்டு. இதை 2005ல் யாராவது உறுதியாகச் சொல்லியிருந்தால் அவர் கோச் இல்லை, ஜோசியர்.

இதைவிடப் பெரிய கதை ஆன்டனி டேவிஸ். சிகாகோவில் சின்னப் பள்ளி, கார்டாக ஆடிய பையன், ஒன்றரை வருடத்தில் சுமார் 8 அங்குலம் வளர்ந்தான். பந்து கையாளும் பழக்கம் கார்டுடையது, உடம்பு ரிங்குக்கு அடியில் நிற்கும் சென்டருடையது. கென்டக்கி காலேஜ், 2012 சாம்பியன், அதே வருடம் டிராஃப்டில் முதல் ஆள். அங்கேயும் ஸ்கவுட்டுகள் பழைய நோட்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டி வந்தது.

15 ஜூன்

பழைய நோட்டு என்றதும்தான் முக்கியமான விஷயம் நினைவுக்கு வந்தது. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கரியின் ஷாட் இப்போது நாம் பார்ப்பது இல்லை, முன்பு. பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய கோடையில், அதாவது 2004ல், டெல் கரி அதைப் பிரித்து மறுபடி கட்டினார். அதற்கு முன் பந்து இடுப்பு, நெஞ்சு உயரத்திலிருந்து எழும்பும். சின்னப் பையன் தூரத்திலிருந்து எறிய வலு போதாதபோது உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும் வழி அது. உள்ளே போகும், ஆனால் உயரமானவன் எதிரே நின்றால் தட்டிவிடுவான். ரிலீஸை, அதாவது பந்து கையை விடும் இடத்தை, நெற்றிக்கு மேலே கொண்டுபோனார்கள். பல வாரம் பெயின்ட் கோட்டுக்கு (ரிங்குக்கு முன் உள்ள வண்ணக் கட்டம்) வெளியிலிருந்து போடவே முடியவில்லை. அழுத கோடை என்று கரியே பின்னால் சொன்னது அதைத்தான்.

இப்படி மாற்றும்போது என்னவெல்லாம் கெடும் என்று தெரிந்தால்தான் பார்க்கிறவர் ஏமாற மாட்டார். முதலில் ஷாட்டின் தூரம் குறையும், ஏனென்றால் கீழிருந்து வந்த விசை இனி காலிலிருந்து வர வேண்டும். அடுத்து இடது வலது விலகல் வரும், தாங்கும் கை புது உயரத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் பந்தைத் தள்ளும். கடைசியாகத்தான் தாளம் கெடும்: கால் நிமிர்ந்து முடிந்த பிறகு கை கிளம்பும், பந்து ரிங்கின் முன் விளிம்பில் தட்டும். குட்டையாகவே விழுகிற ஷாட் பயிற்சியில் சரியாகிவிடும். இடமும் வலமும் மாறி மாறி விழுகிறதென்றால் பயப்பட வேண்டும்.

ஆகவே 2004 ஜூலையில் "உயரமானவன் எதிரே ஷாட் எடுக்க முடியவில்லை" என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அன்றைக்கு அது உண்மை. 2005 டிசம்பரில் அதே நோட்டைப் புரட்டியிருந்தால் அது தப்பு. ஹைஸ்கூல் பையனைப் பற்றிய குறிப்புக்கு ஆறு மாதம்தான் ஆயுள். பால் பாக்கெட் மாதிரி தேதி போட்டு வைக்க வேண்டும்.

ரிலீஸ் வேகத்தை வீட்டிலேயே அளக்கலாம். சாதாரண வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம். பந்து இரண்டு கையிலும் தொட்ட ஃபிரேமிலிருந்து விரல் நுனியை விட்டுப் பிரியும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 12 ஃபிரேம் என்றால் 0.4 நொடி. இன்றைய கரிக்குச் சொல்லப்படும் அளவு அதுதான். 24 ஃபிரேம் தாண்டினால் காலேஜில் அந்த ஷாட்டைத் தனியாக நின்றால்தான் எடுக்க முடியும்.

15 ஜூன், நள்ளிரவு

திருத்தம். இப்போது பல பள்ளி வீடியோக்கள் நொடிக்கு 60 ஃபிரேம். அதில் 24தான் 0.4. என் கணக்கை அப்படியே போட்டு நல்ல பையன் யாரையாவது கழித்துக்கட்டிவிடாதீர்கள். ஹைலைட் கிளிப்பில் எண்ணவே வேண்டாம், ஸ்லோ மோஷன் கலந்திருக்கும்.

19 ஜூன்

எண்களுக்கு வருவோம். த்ரீ பாயின்ட் என்றால் ஒரு கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டு மூன்று புள்ளி வாங்கும் ஷாட். "ஹைஸ்கூல் த்ரீ பாயின்ட் சதவீதம் காலேஜில் செல்லாது, கோடு தூரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அது சரி. ஹைஸ்கூல் கோடு 19 அடி 9 அங்குலம், ஆண்கள் காலேஜ் கோடு 2019-20 முதல் 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம். ஆனால் 2006ல் இரண்டும் ஒரே 19 அடி 9 அங்குலம்! கரி சார்லட்டிலிருந்து தனக்கு இடம் கொடுத்த டேவிட்சன் என்ற சின்ன காலேஜுக்குப் போனபோது கோடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முதல் வருடம் 122 த்ரீ, புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் அதுவரை யாரும் அவ்வளவு போட்டதில்லை. எடுத்தது 299, சதவீதம் 40.8.

காலேஜ் கோடு ஒரு அடி பின்னால் போனது 2008-09ல். கரி அதற்கு முந்தைய வருடம் 43.9, அந்த வருடம் 38.7. ஒரு அடிக்கு ஐந்து சதவீதம் விலை.

பொதுவாக, பள்ளிப் பையனின் த்ரீ சதவீதத்தை நம்பி எதுவும் முடிவு செய்யாதீர்கள். 100 ஷாட்டில் 40 போட்டவனின் உண்மையான திறமை 30க்கும் 50க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். புள்ளியியல் அப்படித்தான் சொல்கிறது. 35 போட்டவனையும் 42 போட்டவனையும் பிரித்துப் பேசுவது வெறும் வாய்ச்சண்டை. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் ஷாட்) கொஞ்சம் நம்பகமானது. தூரம் மாறாது, எதிரே ஆள் இல்லை, கைப்பதம் மட்டும் தெரியும். அதிலும் 50 ஷாட்டில் 80 சதவீதம் என்றால் 11 கூடக் குறைய இருக்கலாம். 200 ஷாட் சேர்ந்தால் அது ஆறுக்கும் கீழே வரும். ஒரே சீசன் போதாது, கோடைக்கால ஏஏயூ (பள்ளிக்கு வெளியே நடக்கும் கிளப்) ஆட்டங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

கரி டேவிட்சன் முதல் வருடத்தில் ஃப்ரீ த்ரோ 85.5. இதற்கு நேர் எதிர் மார்கெல் ஃபுல்ட்ஸ். வாஷிங்டன் காலேஜில் த்ரீ 41.3, ஃப்ரீ த்ரோ 64.9. முதல் எண்ணைப் பார்த்தவர்கள் ஷூட்டர் என்றார்கள். 2017 டிராஃப்டில் முதல் ஆள். அப்புறம் அவன் ஷாட்டே கெட்டுப்போனது. இரண்டாவது எண் அன்றைக்கே கத்திக்கொண்டிருந்தது.

20 ஜூன்

நேற்று எழுதியதில் இரண்டு இடத்தில் அவசரப்பட்டுவிட்டேன்.

ஃபுல்ட்ஸுக்குத் தோள்பட்டை நரம்பில் கோளாறு என்று 2018 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பழியையும் ஃப்ரீ த்ரோ எண்ணின் தலையில் போட்டது நியாயமில்லை. 41.3ஐ அப்படியே நம்பியிருக்கக் கூடாது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கரியின் 43.9 விழுந்து 38.7 ஆனதற்கும் கோடு மட்டும் காரணமில்லை. 2007-08ல் பாயின்ட் கார்டு ஜேசன் ரிச்சர்ட்ஸ், ஆட்டத்துக்கு 8.1 அசிஸ்ட் (புள்ளியில் முடிந்த பாஸ்), அந்த வருடம் நாட்டிலேயே முதலிடம். கரி ஸ்க்ரீனைச் சுற்றி ஓடி வந்து நின்றால் போதும், பந்து கையில் வந்து உட்காரும். ரிச்சர்ட்ஸ் முடித்துப் போனதும் கரியே பந்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அசிஸ்ட் 2.9லிருந்து 5.6, டர்ன்ஓவர் (பந்தை எதிராளியிடம் இழப்பது) 2.6லிருந்து 3.7, புள்ளி 28.6 என்று நாட்டில் முதலிடம். பந்தைத் தட்டிக்கொண்டே வந்து போடும் த்ரீ எப்போதும் கடினம். எவ்வளவு கோட்டுக்கு, எவ்வளவு வேலை மாற்றத்துக்கு என்று என்னால் பிரிக்க முடியாது. "ஒரு அடிக்கு ஐந்து சதவீதம்" என்ற அழகான வரியை வாபஸ் வாங்குகிறேன்.

26 ஜூன்

நேற்று டிராஃப்டில் கூப்பர் ஃபிளாக் முதல் ஆளாக டாலஸுக்குப் போனான். மெய்ன் மாநிலத்தின் நியூபோர்ட் பையன், அப்புறம் மான்ட்வெர்ட், அப்புறம் டியூக். ஹைஸ்கூல் ரேங்கிங்கில் முதலிடம், டிராஃப்டிலும் முதலிடம். கேட்டவரே, குப்பை என்றீர்களே?

ரேங்கிங் உச்சியில் நன்றாகவே வேலை செய்கிறது. 6 அடி 9 அங்குலம், ஓடுவான், தடுப்பான், பாஸ் கொடுப்பான் என்றால் அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கண் வேண்டாம். கரியின் 2006 வகுப்பையே எடுங்கள். கிரெக் ஓடன், கெவின் டுரன்ட் இருவரும்தான் உச்சியில். ஹைஸ்கூலிலிருந்து நேராக என்பிஏ போக முடியாது என்ற விதி வந்த முதல் வகுப்பு அது, அதனால்தான் இருவரும் காலேஜுக்கு வந்தார்கள். 2007ல் முதல் இரண்டு பெயரும் அவர்களே. நார்த் கரோலினா டை லாசனையும் வேய்ன் எலிங்டனையும் எடுத்தது, 2009ல் கோப்பை வாங்கியது. அவர்களிடம் போய் "கரியை விட்டீர்களே" என்றால் சிரிப்பார்கள். டியூக் எடுத்த ஷூட்டர் ஜான் ஷையர், பள்ளி ஆட்டம் ஒன்றில் 75 நொடியில் 21 புள்ளி போட்டவன், 2010ல் கோப்பை. இப்போது ஃபிளாக்கின் கோச்சாக இருந்தவரும் அவரே.

ரேங்கிங் கந்தலாவது முதல் நூறுக்குக் கீழே. கரி அந்த நூறில் இல்லை. அங்கே 100வது ஆளுக்கும் 300வது ஆளுக்கும் உள்ள வித்தியாசம், யார் எந்த ஜிம்மில் எந்த மணிக்கு உட்கார்ந்திருந்தார் என்பதுதான். ஜா மொரான்ட்டை மர்ரே ஸ்டேட் காலேஜ் கண்டது நொறுக்குத்தீனி வாங்கப் போன அசிஸ்டென்ட் கோச், பக்கத்து ஜிம்மில் பந்துச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்ததால். அதே மொரான்ட் ஏஏயூவில் ஜயன் வில்லியம்சனோடு ஒரே டீமில் ஆடியவன்! ஜயனைப் பார்க்க வந்த கூட்டம் பக்கத்தில் நின்றவனைப் பார்க்கவில்லை. 2019 டிராஃப்டில் ஒன்று ஜயன், இரண்டு மொரான்ட்.

2 ஜூலை

டேவிட்சன் கோச் பாப் மெக்கில்லப் என்ன பார்த்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்குக் கரியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அவர் மகனோடு சிறுவர் பேஸ்பால் ஆடிய பையன். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை லாஸ் வேகாஸில் நடந்த ஒரு ஏஏயூ ஆட்டம். கரி படுமோசமாக ஆடினான். பந்தைக் கூட்டத்துக்குள் எறிந்தான், பாஸை நழுவ விட்டான், தன் காலிலேயே தட்டிக்கொண்டான். ஆனால் நடுவரை முறைக்கவில்லை, கூட ஆடியவனைக் குறை சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார்ந்ததும் கைதட்டினான், கோச் பேசும்போது கண்ணைப் பார்த்தான்.

இது நல்லொழுக்கப் பாடம் மாதிரி கேட்கிறது. இல்லை, எண்ணக்கூடிய சங்கதிதான். மோசமான ஆட்டத்தில்தான் எண்ண வேண்டும்.

டர்ன்ஓவர் ஆனதும் எத்தனை தப்படிக்குள் திரும்பி ஓடத் தொடங்குகிறான்? மூன்றுக்குள் என்றால் நன்று, கையை விரித்து நின்றால் எதிர் டீம் ஏற்கெனவே பாதி மைதானம் கடந்திருக்கும். இரண்டு ஷாட் தவறிய பிறகு, மூன்றாவதாக வரும் திறந்த ஷாட்டை எடுக்கிறானா, தயங்கிப் பந்தைத் தட்டுகிறானா? ஷூட்டருக்கு இது உயிர்நாடி. டர்ன்ஓவர் எந்த ரகம்? யாருமே பார்க்காத இடத்தைப் பார்த்து எறிந்த பாஸை, பிடிக்கிறவன் தயாராக இல்லாமல் தவறவிட்டால் அது பாதித் தப்புதான், நல்ல கூட்டாளி கிடைத்தால் அசிஸ்ட் ஆகிவிடும். இரண்டு பேர் நெருக்கும்போது பந்தைக் காலில் தட்டிக்கொள்வது உடம்பு வலு சார்ந்தது, சதை போட்டால் குறையும். நிறுத்தி நிதானமாகக் கொடுக்க வேண்டிய பாஸை எதிராளி கையில் கொடுப்பதுதான் உண்மையான வியாதி.

3 ஜூலை

நேற்று இரவு இதை எழுதிவிட்டு "டேவிட்சன் சின்ன காலேஜ், பொறுத்திருக்க முடிந்தது" என்று ஒரு வரி சேர்க்க இருந்தேன். நல்லவேளை சேர்க்கவில்லை. டேவிட்சன் பொறுத்திருக்கவே இல்லை. ரெட்ஷர்ட் கிடையாது, முதல் ஆட்டத்திலேயே இறக்கினார்கள். ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிராக 15 புள்ளி, 13 டர்ன்ஓவர். ஆமாம், பதின்மூன்று. எந்த ஏசிசி டீமிலும் ஏழாவதிலேயே துண்டைப் போர்த்தி உட்கார வைத்திருப்பார்கள், அடுத்த சான்ஸ் ஜனவரியில்.

மெக்கில்லப் உட்கார வைக்கவில்லை. ஆட்டத்தை ஜெயித்தார்கள். மறுநாள் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளி, சீசன் முடிவில் டேவிட்சன் 29 வெற்றி, 5 தோல்வி.

ஆகவே நான் முதல் நாள் எழுதியதை இப்படித் திருத்துகிறேன். ஒரு ப்ராஸ்பெக்டை (எடுக்கலாமா என்று பார்க்கப்படும் பையனை) எடை போடும்போது பையனை மட்டும் போட்டால் போதாது, எந்தத் தட்டில் போடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். அந்த டீம் எத்தனை தப்பைத் தாங்கும்? அதே 160 பவுண்டு பையன் ஒரு டீமுக்கு ரெட்ஷர்ட், இன்னொரு டீமுக்கு முதல் ஐவரில் ஒருவன். இரண்டு கோச்சும் ஒரே பையனைத்தான் பார்த்தார்கள்.

9 ஜூலை

பீச் ஜாம் வருகிறது. சவுத் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் ஜூலை நடுவே நடக்கும் நைக்கியின் ஏஏயூ உச்சக்கட்டம், காலேஜ் கோச்சுகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருடம் நம்மாட்கள் சிலர் முழு ஆட்டங்களைப் பார்க்கப் போவதாகச் சொன்னதால் கொஞ்சம் வேலைக்குறிப்பு.

மிக்ஸ்டேப் (ஹைலைட் தொகுப்பு) பார்க்காதீர்கள். அதில் தவறிய ஷாட் இல்லை, டிஃபென்ஸ் இல்லை, டங்க்குக்கு முன் பந்து எப்படி வந்தது என்பதும் இல்லை. குறைந்தது இரண்டு முழு ஆட்டம் கிடைக்க வேண்டும், அதில் ஒன்று தோற்ற ஆட்டம். முதல் தடவை பந்தை மறந்துவிட்டு பையனை மட்டும் பாருங்கள். பந்து கையில் இல்லாதபோது நிற்கிறானா, நடக்கிறானா, வெட்டி ஓடுகிறானா? ஒரு கார்டின் கையில் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் பந்து இருக்காது.

இரண்டாவது தடவை காகிதம் எடுத்து மூன்று எண்: எடுத்த ஷாட், எடுத்த ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவர். ஃப்ரீ த்ரோவை 0.44ஆல் பெருக்கி மூன்றையும் கூட்டினால், பையன் செலவழித்த பொசஷன் (டீமுக்குப் பந்து கிடைத்த வாய்ப்பு) கணக்கு வரும். புள்ளியை அதால் வகுங்கள். 24 புள்ளி போட்டவன் 18 ஷாட், 8 ஃப்ரீ த்ரோ, 5 டர்ன்ஓவர் என்றால் 26.5 பொசஷன், ஒன்றுக்கு 0.9 புள்ளி. 17 புள்ளி போட்டவன் 10 ஷாட், 6 ஃப்ரீ த்ரோ, 1 டர்ன்ஓவர் என்றால் 13.6, ஒன்றுக்கு 1.25. மறுநாள் தலைப்பில் வருவது முதல் பையன். எடுக்க வேண்டியது இரண்டாமவன். 2023க்கு முந்தைய பள்ளி ஆட்டங்களில் ஒன்-அண்ட்-ஒன் ஃப்ரீ த்ரோ உண்டு, முதலாவது தவறினால் இரண்டாவது கிடையாது, அதனால் 0.44 கொஞ்சம் குறைச்சலாகக் காட்டும். சின்ன ஓட்டைதான்.

மூன்றாவதாக, நெருக்கடி. நல்ல பள்ளி ஷூட்டருக்கு பாக்ஸ்-அண்ட்-ஒன் போடுவார்கள்: நாலு பேர் சதுரமாக நிற்க, ஐந்தாவது ஆள் இவனையே ஒட்டிக்கொண்டு அலைவான். சில கோச் இரண்டு பேரை ஒட்ட வைப்பார்கள். அப்போது கோபப்பட்டுத் தூரத்திலிருந்து எறிகிறானா? 2008 நவம்பரில் லயோலா மேரிலண்ட் கரிக்கு ஆட்டம் பூராவும் இரண்டு ஆள் வைத்தது. கரி மூலையில் போய் நின்றான். மீதி நாலு பேர் மூன்று பேரோடு ஆடினார்கள். கரி எடுத்தது மூன்றே ஷாட், புள்ளி பூஜ்யம். டேவிட்சன் 78, லயோலா 48. அந்தப் பூஜ்யத்தைத்தான் ப்ராஸ்பெக்ட் பார்க்கிறவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

18 ஜூலை

"இன்றைக்கு 2025ல் அதே பையன் வந்தால்?"

இன்னும் மோசமாகவே கவனிக்கப்படுவான் என்று நினைக்கிறேன். ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு முடிந்து இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து காலேஜ்களே ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், முதல் வருடம் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 20.5 மில்லியன் டாலர் வரை. அதில் சேர்ந்த காலேஜ்களில் பேஸ்கட்பால் டீமுக்கு 15 இடம். இரண்டு இடம் கூடியது பள்ளிப் பையனுக்கு லாபம் என்று தோன்றும். ஆனால் காலேஜ் மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்திருக்கிறது. வேறொரு காலேஜில் மூன்று வருடம் ஆடி, 200 பவுண்டு ஏறி, காலேஜ் கோட்டிலிருந்து 300 த்ரீ எடுத்துக் காட்டிய 22 வயது ஆள் கிடைக்கும்போது 160 பவுண்டு பையனை வளர்க்க எந்த கோச்சுக்குப் பொறுமை இருக்கும்?

முன்பு மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும். தம்பி செத் கரி அப்படித்தான் உட்கார்ந்தான். 2008-09ல் லிபர்டியில் ஆட்டத்துக்கு 20.2 புள்ளி, டியூக்குக்கு மாறி ஒரு சீசன் வெளியே இருந்து அப்புறம் ஆடினான். இப்போது அந்தத் தடையும் இல்லை. அண்ணன் இன்றைக்கு வந்தால் 21.5 புள்ளி போட்ட முதல் வருடம் முடிந்த கையோடு போன் மணி நிற்காது. 2008 என்சிஏஏ போட்டியில் கன்சாஸிடம் 59-57 என்று தோற்ற அந்த டேவிட்சன் டீம் கூடியே இருக்காது.

19 ஜூலை

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: "இவ்வளவு எழுதினீர்களே, 2005ல் நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் ஸ்காலர்ஷிப் கொடுத்திருப்பீர்களா?"

டவுடெலும் கார்டனும் கையில் இருக்க, வர்ஜீனியா டெக் நாற்காலியில்? ரெட்ஷர்ட்தான் சொல்லியிருப்பேன். அவனும் எனக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, சார்லட்டிலிருந்து வடக்கே 20 மைல் காரில் போயிருப்பான்.